மெதுவாய் நடக்கிறவர் முன்னுக்கு

‘கெதியாய் வா’ என்று மிஸ்ஸி யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. வரிசையில் யாராவது பின்தங்கினால் அந்த ஆளைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து முன்னால் விட்டுவிடுவார். “மெதுவாய் நடக்கிறவர் முன்னுக்கு. மிச்ச ஆக்கள் அவரின்ரை காலைப் பாத்து நடவுங்கோ” என்பார். அவரிடம் இருந்த ஒரே சட்டம் அதுதான், அதில் விலக்கு என்று ஒன்று இருக்கவில்லை.

எங்கள் ஏழு பேரில் மெதுவான ஆள் நான். ஆகையால் கோப்பாயிலிருந்து அச்சுவேலிக்குப் போகிற வீதியில், மாசிப் பனி இன்னும் விலகாத காலைகளில், என் பின்னால் ஆறு பேர் அன்னநடை நடந்து வந்தார்கள். தோட்டத்துக்குப் போகிற ஆட்கள் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே எங்களை முந்தினார்கள். “அக்கா, ஆரின்ரை செத்தவீடு?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. மிஸ்ஸி மட்டும் திரும்பிப் பார்த்து, “ஒருத்தரும் சாகக்கூடாது எண்டுதான் தம்பி இப்பிடிப் போறம்” என்றார்.

எங்கள் ஊருக்கு அவர் மிஸ்ஸி. வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் அதைப் பாவித்ததில்லை. குடும்பநல மருத்துவமாதாக முப்பது வருடம் கோப்பாய், இருபாலை, நீர்வேலி ஒழுங்கைகளில் சைக்கிளில் திரிந்தவர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்தான் முதலில் தராசில் போட்டு நிறுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கதிர்காமத்துக்கு நடந்தார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டால் கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாத நடை. பொத்துவில் தாண்டி உகந்தை வரைக்கும் ஊர்கள் உண்டு, சோறு தருகிற கைகள் உண்டு. அதற்குப் பிறகு ஐந்து நாள் காடு. காட்டுக்குள் தோளில் கொண்டுபோவதுதான் சாப்பாடு.

நான் அவரிடம் போனது பக்தியால் என்று சொன்னால் அது பொய். வெட்கத்தால் போனேன். என் மகளுக்கு டெங்கு வந்து, இரத்தத் தட்டுக்கள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு கிழமையில், ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நேர்ந்திருந்தேன்: பிள்ளை எழும்பினால் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வருவேன் என்று. பிள்ளை எழும்பிவிட்டாள். நான்தான் நடந்து முடிக்கவில்லை. முதல் தடவை முல்லைத்தீவோடு முழங்கால் விட்டது. இரண்டாம் தடவை திருகோணமலையில் வயிறு. இரண்டு தடவையும் பஸ்ஸில் வந்து கோப்பாய்ச் சந்தியில் பையோடு இறங்கினேன். ஒழுங்கையில் எனக்குப் ‘பஸ் கதிர்காமம்’ என்று பட்டம் வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள், “விடுங்கோ அம்மா, முருகன் ஒண்டும் நினையார்” என்று தேற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்காக நேர்ந்ததை அவளே மன்னித்துவிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். மூன்றாம் தடவையும் பஸ்ஸில் வந்து இறங்குவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானம் இருந்தது, முழங்கால்தான் பழையது.

மிஸ்ஸி என் நேர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“முதல்தரம் முழங்கால் விட்ட அண்டைக்கு, அதுக்கு முதல் நாள் எவ்வளவு தூரம் நடந்தனி?”

“தெரியாது மிஸ்ஸி. எல்லாரும் நடந்தவை, நானும் நடந்தன்.”

“வயித்தாலை போன அண்டைக்கு எத்தினை வீட்டிலை சாப்பிட்டனி?”

எண்ணிப் பார்த்தேன். “நாலு.”

“பசிச்சதோ?”

“இல்லை. கூப்பிட்டவை. மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அவர் ஒரு அப்பியாசக் கொப்பியில் ஏதோ எழுதினார். “உன்ரை காலிலையும் பிழை இல்லை, வயித்திலையும் பிழை இல்லை. உனக்கு வாய்தான் பிழை. மாட்டன், ஏலாது, காணும். இந்த மூண்டையும் பழகு. ஞாயிற்றுக்கிழமை பையோடை வா.”

ஞாயிற்றுக்கிழமை பையோடு போனேன். அவருடைய வளவில் ஒரு மாமரம். அதன் கொப்பில், குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசு தொங்கியது. பழுதானது என்று கழித்துவிட்டதைக் கேட்டு வாங்கித் திருத்தி வைத்திருந்தாராம். அதில் என் பையை மாட்டினார். எட்டரைக் கிலோ. ஒன்பது மாதப் பிள்ளையின் நிறை என்று சொல்லிவிட்டு, பையை இறக்கி ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தார். மூன்று சேலை இரண்டானது. சுடுதண்ணிப் போத்தல் போனது. ஊறுகாய்ப் போத்தல் போனது. சட்டம் போட்ட முருகன் படம் ஒன்று வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு அதையும் புறத்தே வைத்தார்.

“மிஸ்ஸி, அது சாமிப்படம்.”

“ஆளை நேரிலை பாக்கத்தானே போறாய். படம் ஏன்?”

ஐந்து கிலோவுக்கு மேல் யாரும் தூக்கக்கூடாது என்பது அவருடைய அளவு. தண்ணீர் அதற்குப் புறம்பு. ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் எங்களோடு வந்தார், வைரமான உடம்பு, நாங்கள் எல்லோரும் அண்ணை என்போம். அவர் தன்னால் பத்துக் கிலோ தூக்க முடியும் என்று தூக்கிக் காட்டினார். “அண்ணை, இண்டைக்குத் தூக்குவியள். முப்பதாம் நாளும் தூக்குவியளோ எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்று சொல்லி அவருடையதையும் ஐந்துக்கு இறக்கினார். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு மிஸ்ஸியில் பல விஷயங்கள் பிடிப்பதில்லை, ஆனாலும் அது அவர் மிஸ்ஸியோடு நடக்கிற நாலாவது தடவை.

நடைக்கு அவர் மணிக்கூடு பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு புழுக்கொடியல் தருவார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, பல் போகிற மாதிரி இறுகிப்போய் இருக்கும், அவசரப்பட்டுத் தின்ன முடியாது. அதைக் கடித்துச் சப்பி முடியும்வரை நடை, முடிந்ததும் இருப்பு. யாருடையது கடைசியாக முடிகிறதோ அதுதான் கணக்கு. இடையில் திடீரென்று முன்னால் வந்து என்னிடம் கேட்பார்: “நேற்று என்ன கறி?” நான் மூச்சு வாங்காமல் “கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும்” என்று முழுதாய்ச் சொன்னால் நடை சரி. “கத்தரி…” என்று இழுத்தால் நடை கூடிவிட்டது, எல்லோரும் குறைக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் மற்ற ஆறு பேருக்கும் பாடமாகிவிட்டது.

அவரில் எனக்குப் பயம் வந்த நாளும் உண்டு. சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரம் செய்கிற ஒரு பெண் பயிற்சி நடைக்கு வந்தார். எங்கள் எல்லோரையும் விடப் பெலசாலி. என் பின்னால் நடக்க அவரால் முடியவில்லை. பாவம், கால் தானாகவே முந்தியது, சந்தியில் போய் நின்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாவது ஞாயிறு மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டு, “நீங்கள் வேற கூட்டத்தோடை போங்கோ, எங்களோடை ஏலாது” என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு மெதுவாய் நடக்கிற இவவுக்கு ஏலும், எனக்கு ஏலாதோ?” என்று என்னைக் கையால் காட்டினார்.

“ஓம். இவ தன்ரை அளவிலை நடக்கிறா. நீங்கள் எங்கடை அளவுக்கு வரமாட்டியள். காட்டுக்குள்ளை முந்திப் போனால் உங்களைத் தேடுறதுக்கு எங்களிட்டைச் சாப்பாடு இல்லை.”

அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பெலசாலியை நிறுத்திவிட்டு என்னைக் கொண்டுபோகிறார் என்பதில் எனக்குப் பெருமை வரவில்லை, தோள்தான் பாரித்தது. நான் இடையில் விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனை அன்று தொடங்கியது.

ஒரு நாள் அச்சுவேலிச் சந்தியில் இளைப்பாறும்போது கேட்டேன், இந்தச் சாப்பாட்டுக் கணக்கெல்லாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து நடந்த காலத்தில் பழகியதா என்று. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் எதற்கும் அந்தக் காலத்தைத்தானே சொல்வார்கள். மிஸ்ஸி தண்ணீர்ப் போத்தலை இறுக்கி மூடினார். “அப்ப சனம் நடக்கேல்லைப் பிள்ளை. தள்ளுப்பட்டுப் போனது. அடுத்த நேரச் சாப்பாடு எங்கை எண்டு எனக்கும் தெரியாது, கையிலை பிள்ளையோடை வந்தவைக்கும் தெரியாது. அதை நடை எண்டு சொல்லாதை.”

வைகாசியில் சந்நிதியில் வெளிக்கிட்டோம். முதல் நாள் மத்தியானமே நெல்லியடியில் ஒரு வீட்டில் வாழையிலை போட்டுவிட்டார்கள். ஆறு கறி, வடை, பாயசம். ஊரூராய் இப்படித்தான் இருக்கும், கதிர்காமத்துக்கு நடக்கிறவருக்குச் சோறு போடுவது முருகனுக்கே போட்டது மாதிரி. எங்களுக்கு மிஸ்ஸியின் உத்தரவு அரை வயிறு. வீட்டுக்கார அம்மா இரண்டாம் தரம் சோற்றோடு வந்தபோது மிஸ்ஸி இலையை மறித்தார்.

“என்ன மிஸ்ஸி, எங்கடை சோறு பிடிக்கேல்லையோ?”

“நல்லாய்ப் பிடிச்சிருக்கு தங்கச்சி. இன்னும் நாப்பத்தைஞ்சு நாள் சாப்பிடோணும். எல்லாத்தையும் உங்கடை வீட்டிலையே சாப்பிட்டு முடிக்கேலாது.”

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கைகழுவப் போன சாட்டில் குசினிப் பக்கம் போய், அவர் கட்டித் தந்த வடைப் பார்சலை வாங்கிச் சேலைக்குள் ஒளித்தேன். நடையில் ஒவ்வொன்றாய்த் தின்றேன். ஏழு வடை. பின்னேரம் மூன்று மணிக்கு என் கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார், வாயை மணந்தார் என்றே நினைக்கிறேன். வீதியோரப் புளியமரத்தின் கீழ் எல்லோரையும் இருத்தினார். இரண்டு மணித்தியாலம் ஆறு பேர் என் வயிறு இறங்கும்வரை காத்திருந்தார்கள். ஏசியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அந்த இரண்டு மணித்தியாலம் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு, போதும் என்கிற அந்தக் ‘காணும்’ என் வாயில் தங்கிவிட்டது.

அவருடைய திட்டத்தில் இரண்டு விஷயங்கள் பிரதானம். ஒன்று, பார்சல். காட்டுக்குரிய மாவை யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றரை மாதம் சுமக்க முடியாது, ஆகவே அதை வீட்டில் இடித்து வறுத்து, நாங்கள் பொத்துவிலை நெருங்குகிற நேரம் பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். சிவப்பரிசி மாவும் பயறும் பனங்கட்டியும் சேர்த்த மா, தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதும், காட்டுக்குள் அடுப்பு மூட்டத் தேவையில்லை. இரண்டாவது, சும்மா நாள். உகந்தைக்குப் போய்ச் சேருகிற நாளுக்கும் காட்டுக்குள் இறங்குகிற நாளுக்கும் இடையில் ஒன்றும் எழுதாத ஒரு நாள் கொப்பியில் இருந்தது. அண்ணை அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளை வீணாக்குகிறீர்கள் என்றார். “அது வீண் இல்லை அண்ணை. ஆருக்கோ அது தேவைப்படும். ஆருக்கு எண்டு இன்னும் தெரியேல்லை” என்றார் மிஸ்ஸி.

பார்சலுக்குப் பொறுப்பு எங்கள் வீடு. என் கணவர் நல்ல மனுசர், சொன்னதைச் செய்வார், ஆனால் சொன்னதோடு நிறுத்தத் தெரியாது. பதினெட்டுக் கிலோ மா, வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பொத்துவிலில் பஸ்ஸால் இறக்கிய பெட்டியை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. திறந்தால் மேலே கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வைக்கோல் சுற்றி. அதன்கீழே பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, போத்தலில் எலுமிச்சங்காய் ஊறுகாய். அடியில் மா, சொன்னதில் பாதி. ஒரு துண்டுக் கடதாசியில் அவருடைய கையெழுத்து: ‘இடம் காணாதபடியால் பாதி மாவை எடுத்து வைத்துவிட்டன். யோசியாதையும், வந்து சாப்பிடலாம்.’

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரிடம், காட்டுக்குப் போகிற சனத்துக்கு வெறும் மாவை அனுப்பு என்று சொன்னால் வேறென்ன நடக்கும். அண்ணை தலையில் கைவைத்தார். நான் அந்த இடத்திலேயே பூமிக்குள் போகத் தயாராக இருந்தேன். மிஸ்ஸி ஒரு பணியாரத்தை எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டார்.

“தேங்காய் போட்டதோ?”

“ஓம் மிஸ்ஸி.”

“இந்த வெக்கைக்கு நாலு நாள் கிடக்கும். முதல் நாள் இதைச் சாப்பிடலாம். மாம்பழம் கோயிலிலை குடுப்பம். உன்ரை மனுசனுக்கு நல்ல கை.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “மா காணாது. அரிசி, பயறு வாங்கி இஞ்சைதான் வறுக்கோணும். ஒரு நாள் போகும்.”

அந்த நாள் எது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கோயில் மடத்துக் குசினியில் ஏழு பேரும் அரிசி வறுத்து, மில்லில் திரித்து, பனங்கட்டி இடித்துக் கலந்தோம். சும்மா நாள் அதோடு முடிந்தது. திருக்கோவிலிலிருந்தே என் குதிக்காலில் ஒரு கொப்புளம் இருந்தது. உகந்தைக்கு வரும்போது அது உடைந்து, சீழ் வைத்து, செருப்புப் போட முடியாமல் வீங்கிவிட்டது. ஆருக்கோ தேவைப்படும் என்ற நாள் எனக்கு உரியதாய் இருந்திருக்கிறது. என் வீட்டுப் பலகாரம் அதைத் தின்றுவிட்டது.

கதிர்காமத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் இருந்தது. என் காலோடு போனால் ஏழு நாள் என்று மிஸ்ஸி சொன்னார். அண்ணை அன்பாகத்தான் பேசினார். “தங்கச்சி, குறை நினையாதையும். வாகனத்திலை சுத்திப் போய்க் கதிர்காமத்திலை நில்லும், நாங்கள் வந்து சேருறம். இவ்வளவு தூரம் நடந்ததே பெரிய காரியம்.” மற்றவர்கள் அண்ணையோடு சேர்ந்து தலையாட்டினார்கள். எனக்குக் கோப்பாய்ச் சந்தி கண்ணுக்குள் வந்தது, மகளின் முகம் வந்தது. “நான் நடக்கிறன்” என்றேன்.

மிஸ்ஸி கொப்பியை மூடினார். “அண்ணை, நீங்கள் அஞ்சு பேரும் நாளைக்கு வெளிக்கிடுங்கோ. உங்களுக்கு வழி தெரியும். கொடியேற்றம் பாருங்கோ. நானும் இவவும் பின்னாலை வாறம்.”

“உங்களுக்குக் கொடியேற்றம்?”

“நாங்கள் ஏழு பேராய் வெளிக்கிட்டனாங்கள் அண்ணை. ஏழு பேரும் போய்ச் சேரோணும். கொடி அடுத்த வருசமும் ஏறும்.”

இரண்டு பேருக்கு ஐந்து நாள் மா இருந்தது. இன்னும் வாங்கலாமே என்றேன். “மாவைக் கடையிலை வாங்கலாம். தோளை எங்கை வாங்கிறது?” என்று கேட்டார். காட்டுக்குள் தண்ணீர் தூக்க வேண்டும், என்னால் ஒரு அளவுக்கு மேல் தூக்க முடியாது, என் சாமான்களில் பாதி ஏற்கெனவே அவருடைய பைக்குள். அவர் அரிசி அளக்கிற சுண்டு ஒன்றை எடுத்து என் பங்கு மாவை அளந்து என் பைக்குள் போட்டார். தன்னுடையதைத் தனக்குப் போட்டார். “காணுமோ மிஸ்ஸி?” என்று கேட்டேன். “காணும்” என்றார். அவர் அளந்து சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்பது எங்கள் பழக்கம்.

காட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வெயில், மணல், முள், யானை லத்தி, அதற்குள் என் கால். ஒவ்வொரு இருப்பிலும் அவர் புண்ணைக் கழுவிக் கட்டினார். எங்களை முந்திய கூட்டங்கள் ‘அரோகரா’ சொல்லிப் போயின. சிலர் சாப்பாடு தரட்டுமா என்று கேட்டார்கள். மிஸ்ஸி கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்றார். “அவை தங்கடை அளவுக்குக் கொண்டு வாறவை பிள்ளை. அதிலை நாங்கள் கைவைச்சால் அவையின்ரை கடைசி நாள் பழுதாகும்.” காலையில் நான் எழும்பும்போது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார், அப்படித்தான் சொன்னார். வழியில் பாலைமரம் கண்டால் நின்று விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்குவார். வயதானாலும் பழத்தில் ஆசை போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் மணலில் இருந்துவிட்டேன். இருக்கச் சொல்லி அல்ல, கால் மடிந்து இருந்தேன். அன்றைக்கு அங்கே கதிர்காமத்தில் கொடி ஏறியிருக்கும். யாத்திரைக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுத் திரும்புகிற உழவு மெசின் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. சாரதி தமிழ் தெரிந்தவர். “அம்மா, ஏறுங்கோ, பின்னேரத்துக்குள்ளை இறக்கிவிடுறன்” என்றார். நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். ஏறாதே என்று சொல்வார், சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழும்பலாம் என்று பார்த்தேன்.

“ஏலாட்டி ஏறு” என்றார். “ஏறுறதெண்டால் உன்ரை மாவை இறக்கி வைச்சிட்டு ஏறு.”

எனக்கு விளங்கவில்லை. “என்ன மிஸ்ஸி?”

“மா. ரெண்டு நாளையான் கிடக்குமே. உனக்கு இனித் தேவையில்லை. அதை இஞ்சை தா.”

நான் வாழ்க்கையில் அவ்வளவு கோபப்பட்டதில்லை. நாற்பத்தைந்து நாள் சேர்ந்து நடந்திருக்கிறோம். என் நேர்த்தி முறிகிறது, மகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நான் மணலில் கிடக்கிறேன், இந்த மனுசிக்கு என் பைக்குள் கிடக்கிற ஒரு பிடி மா கண்ணுக்குத் தெரிகிறது. என் மா, எனக்கு அளந்து தந்த மா. மெசினின் இரும்பைப் பிடித்துத்தான் எழும்பினேன். எழும்பி, சாரதியிடம் “நீங்கள் போங்கோ தம்பி” என்றேன். மெசின் போனதும் மிஸ்ஸியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இரண்டு நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் மாவை அவருக்கு முன்னால் இருந்து, வேண்டுமென்றே ஆறுதலாகக் குழைத்து, கடைசி உருண்டை வரை நானே தின்றேன். அவர் புண்ணைக் கட்டினார், தண்ணீர் தந்தார், நான் நிற்கும்போது நின்றார். கோபம் நல்ல ஊன்றுகோல் என்று அந்த இரண்டு நாளில் அறிந்தேன். ஏழாம் நாள் வெயில் சாயும்போது மரங்களுக்கிடையில் மாணிக்க கங்கை தெரிந்தது. அக்கரையில் சனம் குளித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன். என்னை நானே கிள்ளிப் பார்த்தேன். சந்நிதியிலிருந்து இந்த ஆற்றங்கரை வரைக்கும் ஒரு சக்கரத்திலும் ஏறாமல் வந்திருக்கிறேன்.

குளிக்கச் சவர்க்காரம் எடுக்க மிஸ்ஸியின் பையைத் திறந்தேன். அவர் மா வைத்திருந்த தகரப்பேணி மேலே கிடந்தது. நிறையில்லாமல் கையோடு வந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே கழுவி, துடைத்து, மாவின் மணம்கூட இல்லாமல் காய்ந்திருந்தது. இரண்டு பாலைப்பழக் கொட்டை கிடந்தது.

“மிஸ்ஸி, இது எப்ப முடிஞ்சது?”

அவர் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு இருந்தார். “மெசின் வந்த அண்டைக்குக் காலமை.”

“ஏழு நாளைக்கெண்டு அளந்தனீங்கள்.”

“உனக்கு ஏழு நாளைக்கு அளந்தனான். எனக்கு மூண்டு நாளையான்தான் மிஞ்சினது. இழுத்துப் பாத்தன், அஞ்சாம் நாள் மட்டும் வந்தது.”

நான் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு முன்னால் இருந்து நான் தின்ற உருண்டைகளை எண்ணிப் பார்த்தேன்.

“அண்டைக்கு மாவைக் கேட்டது, என்னை உசுப்பேத்தத்தான் எண்டு நினைச்சன்.”

“இல்லைப் பிள்ளை. எனக்குப் பசி. நீ ஏறினால் அது எனக்கு. நடந்தால் அது உனக்கு.”

“பேந்தும் ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தனீங்களே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி.”

அவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, ஏழு நாளில் ஏழு வயது கூடியிருந்த முகம்.

“சொல்லியிருந்தால், எனக்குச் சாப்பாடு வேணும் எண்டு நீ அடுத்த மெசினிலை ஏறியிருப்பாய்.”

உண்மைதான். நான் ஏறியிருப்பேன்.